வேஷப் பொருத்தம்: புரிசைத் தெருவிலிருந்து ‘மகாராஜா’ வரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா எடுக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்துப் பதினைந்து இரவுகள் ஆட்டம் நடந்தாலும் துகிலுரிதல் நடக்கும் இரவுக்குத் தனி மரியாதை உண்டு. அன்றைக்கு ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். துச்சாதன வேஷம் கட்டியவர் திரௌபதியின் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். திரௌபதி வேஷத்தில் நிற்பவர் ஆண் என்பதும், எந்த ஊர்க்காரர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் துச்சாதனன் அவரைக் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் புடவையைத் தொடுவார்.

குற்றம் என்ன, செய்யப் போகிறவன் யார், கடைசியில் அவனுக்கு என்ன கதி என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. ஒளித்து வைக்க ஒரு முடிச்சும் கிடையாது. ஆனாலும் விடியும் வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. கொலையாளி யார் என்ற கேள்வியை இரண்டரை மணி நேரம் இழுத்துப் பிடிக்கும் நம் திரில்லர்கள் பலவும் இரண்டாம் முறை பார்க்கச் சலித்துப்போகின்றன. கூத்து சலிப்பதில்லை. குற்றம் செய்கிறவனுக்கும் அதை அனுபவிக்கிறவருக்கும் நடுவே என்ன உறவு என்பதில்தான் அது கண்ணை வைத்திருக்கிறது. கைநீட்டுகிறவன் கொழுந்தன். சபையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் கணவன்மார்கள். பேசாமல் இருப்பவர் பீஷ்மர். திரௌபதியோடு சேர்த்து இந்த நால்வகை முகங்களையும் தாங்கத் தெரிந்த ஆட்கள் இருந்தால் ஆட்டம் நிற்கும். இல்லையென்றால் கிரீடமும் புஜக்கட்டையும் மட்டும்தான் மிஞ்சும்.

தமிழ்க் குற்றப் படங்களில் நடிகர் தேர்வு பற்றி எழுத உட்கார்ந்தால் கோடம்பாக்கத்தை விட்டுவிட்டு இந்தத் தெருவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் நம்மை உலுக்கிய குற்றப் படங்கள் சிலவற்றின் முகங்களைப் பின்தொடர்ந்து போனால், வழி இந்த மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்கிறது. (சில படங்களின் முடிச்சுகள் கீழே அவிழ்கின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

செத்துப்போன கதாநாயகன்

முதலில் ஒரு பழைய கதை. 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய நேரத்தில், ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரின் சந்தேக விரலும் இன்னொருவர் பக்கம் நீள்கிறது.

அந்த ராஜன் வேஷத்துக்கு ஆள் கிடைத்த கதையும் திருப்பங்கள் நிறைந்தது. முதலில் எஸ்.வி.சகஸ்ரநாமம். சில நாள் எடுத்துப் பார்த்ததில் வயது தெரிகிறது என்று கைவிட்டார்கள். அடுத்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விசுவநாதன். படப்பிடிப்பு கணிசமாக நடந்த பிறகு, ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை. சிவாஜி கணேசனைப் போட வேண்டும் என்றார். பாலசந்தர் முறுக்கிக்கொண்டார், செட்டியார் விடவில்லை. சிவாஜி வந்தார். (விசுவநாதனும் சாதாரண நடிகர் இல்லை. சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் மாப்பிள்ளை பார்க்க வரும் பானர்ஜி அவர்தான். ‘மூன்று முடிச்சு’ படத்தில் ரஜினிக்கு அப்பாவாக வந்தவரும் அவரே.)

செட்டியார் கேட்டது வெறும் நட்சத்திர ஆசை என்று நான் நினைக்கவில்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நீதிமன்றக் கூண்டில் நின்று ஊரையே கேள்வி கேட்ட குணசேகரனின் முகம் ஜனங்கள் மனதில் சூடாக இருந்த நேரம். அதே ‘பராசக்தி’யில் அவனை நல்வழியில் திருப்பிய விமலா, பண்டரிபாய். இந்த ஜோடியைக் கொண்டுவந்து, அவனைத் தேசத்துரோகி ஆக்கி, துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார் பாலசந்தர். விசுவநாதன் நடித்திருந்தால் பார்வையாளருக்கு ஒரு மர்மம் கிடைத்திருக்கும். சிவாஜியும் பண்டரிபாயும் நடித்ததால் ஒரு துரோகம் கிடைத்தது. நாம் ஏற்கெனவே நம்பியிருந்த கணவன் மனைவி உறவு கண்ணெதிரே உடைகிறது. படம் அன்று வசூலில் சோபிக்கவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் மட்டும் வந்தது. ஆனால் நடிகர் தேர்வு என்பது முகத்தோடு வரும் பழைய நம்பிக்கையையும் சேர்த்துத் தேர்வது என்று தமிழுக்குக் காட்டிய முதல் பாடங்களில் அது ஒன்று.

இதே உத்தியை எழுபது ஆண்டு கழித்து இரண்டு படங்களில் பார்த்தோம். ‘போர் தொழில்’ (2023) படத்தில் விக்னேஷ் ராஜா, சரத்பாபுவைக் கூப்பிட்டார். ‘முள்ளும் மலரும்’ இன்ஜினீயர், ‘முத்து’ எஜமான், எப்போதும் நிதானமாகப் பேசும் கண்ணியமான மனிதர். அந்தக் குரல் கென்னடி என்ற பாத்திரத்துக்குள் உட்கார்ந்து பேசும்போது முதுகுத்தண்டு சில்லிட்டது. அவர் காலமாகி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் படம் வந்தது என்பதும் சேர்ந்து, தியேட்டரில் ஒரு விசித்திரமான அமைதி. ‘மகாராஜா’வில் (2024) நித்திலன் சாமிநாதன், சிங்கம்புலியை நல்லசிவம் ஆக்கினார். அவர் வந்தாலே சிரிக்கப் பழகிய கூட்டம் நாம். போலீஸ் ஏற்பாடு செய்த டம்மித் திருடனாக அவர் முழிக்கும்போதும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குத்தான் படம் கடைசியில் கணக்குக் கேட்கிறது. எந்த வில்லன் நடிகரைப் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

புரிசையில் ஒரு வாத்தியார்

இனி அந்தக் கிராமத்துக்கு வருவோம். செய்யாறு வட்டத்தில் இருக்கிறது புரிசை. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் அங்கே உண்டு. அந்த வழியில் வந்தவர் கண்ணப்பத் தம்பிரான். புரிசை துரைசாமி கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் என்ற பெயர் இன்று நாடகம் பயில்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எழுத்தாளர் ந.முத்துசாமி தஞ்சைப் பக்கம் புஞ்சை கிராமத்தில் பிறந்தவர், சிறுகதைக்காரர். எழுபதுகளில் தம்பிரானின் கூத்தைப் பார்த்தவர் அதன் பிறகு நாடகத்துக்கே தன்னைக் கொடுத்துவிட்டார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. தம்பிரானே வந்து அங்குள்ள நடிகர்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டி வந்தவர்களைப் பாருங்கள்: பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல். அங்கே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த விஜய் சேதுபதி. தமிழ்க் குற்றப் படத்தின் கடந்த இருபதாண்டு வரலாற்றை இந்தப் பெயர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

கூத்து அவர்களுக்கு என்ன கொடுத்தது? கூத்தில் ஒரு வேஷம் எப்படி நுழைகிறது என்று பார்த்தால் புரியும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடுவார். நமக்குத் தெரிவது கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும்தான். திரை கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். முகம் முழுதாகத் தெரிவதற்கே நேரமாகும். தெரிந்ததும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்பான்: நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்கள்? ராஜாவாக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். விசாரணை இல்லாமல் கூத்தில் ஒரு பாத்திரம் பிறப்பதில்லை. எதிரில் கேட்பவன் எப்படிக் கேட்கிறானோ, அதற்கேற்பத்தான் இவன் கோபமோ கர்வமோ வெளியே வரும். தனியாக நின்று நடிக்கும் பழக்கமே அங்கே கிடையாது.

இன்னொன்று முக்கியம். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வேஷத்தைப் பங்கு போடுவது வாத்தியார். அவர் தோல் நிறத்தைப் பார்ப்பதில்லை. அரிதாரம் பூசிவிட்டால் யாரும் எதுவும் ஆகலாம். பார்ப்பது குரல், மூச்சு, தாளம், எதிரே ஆடுகிறவனோடு உள்ள பொருத்தம். இன்று கர்ணனாக ஆடியவர் நாளை துச்சாதனன். நல்லவன் முகம், கெட்டவன் முகம் என்ற பாகுபாடே அங்கே எழுவதில்லை.

சினிமா நேர் எதிராகவே வளர்ந்தது. ஊரில் ஐயப்ப பக்தர்களுக்குக் குருசாமியாக இருந்த வில்லன் நடிகர் நம்பியாரைப் பல பத்தாண்டுகள் பெண்கள் சபித்தார்கள். ரௌடிக் கூட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது கறுத்த, மெலிந்த, ‘லோக்கல்’ முகம் வேண்டும் என்று கேட்கும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்த முகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். திரையில் சந்தேகிக்கப்படும் முகத்தைத்தான் சாலையில் போலீஸும் முதலில் நிறுத்துகிறது. நடிகர் தேர்வு அழகியல் சமாச்சாரம் மட்டும் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஆள், இரண்டு சாட்சியம்

பட்டறைப் பயிற்சி திரையில் என்ன செய்யும் என்பதற்கு ‘விருமாண்டி’யை (2004) விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சிறைக்குள் பேட்டி எடுக்கப்படுகிறது. முதலில் கொத்தாளத் தேவர் தன் கதையைச் சொல்கிறார். பிறகு அதே சம்பவங்களை விருமாண்டி சொல்கிறான். பசுபதிக்கு இரண்டு வேலை. தன் வாக்குமூலத்தில் அவர் பொறுமைசாலி, ஊருக்குப் பெரியவர். விருமாண்டியின் வாக்குமூலத்தில் அதே மீசை, அதே துண்டு, அதே வார்த்தைகள், ஆனால் நஞ்சு. ஒப்பனையில் மாற்றமில்லை. கமல்ஹாசனின் தோளில் கை போடும்போது அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது, கண் எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். இன்று கர்ணன், நாளை துச்சாதனன் என்று ஆடும் மரபிலிருந்து வந்த ஆளால்தான் அதை ஒரே படத்தில் செய்ய முடிந்தது.

‘ஆரண்ய காண்டம்’ (2011) வேறு வகை. தியாகராஜன் குமாரராஜா அதில் ஜாக்கி ஷெராஃபைத் தாதாவாக்கினார், அது பேசப்பட்டது. என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் இதயம், வாழ்ந்து கெட்ட குடிகாரன் காளையனும் அவன் மகன் கொடுக்காப்புளியும். குரு சோமசுந்தரம் காளையனாக வந்தார். சேவற்சண்டைக்காகப் பட்டணம் வந்த அப்பன்; அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் பையன். போதைப்பொருள் பையும் துப்பாக்கிகளும் அவர்கள் கதைக்குள் தற்செயலாகத்தான் வருகின்றன. அப்பன் மகனுக்குத் துளியும் மதிப்புத் தராத இடங்களில்கூட, சோமசுந்தரத்தின் உடல் மகன் பக்கமே சாய்ந்திருக்கும். வசனத்தில் எழுதி வராத விஷயம் அது. பின்னாளில் ‘ஜோக்கர்’ (2016) அவரை நாயகன் ஆக்கியது. அந்தப் படத்தில் நம் திருவண்ணாமலைக்காரரான கதைசொல்லி பவா செல்லதுரையும் நடித்தார். மேடையில் கதை சொல்லிப் பழகிய குரலுக்குத் திரையில் தனி எடை இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

மணிகண்டனின் ‘குற்றமே தண்டனை’யில் (2016) விதார்த்துக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் பார்வை. கொலைக்குச் சாட்சியான அவன் அதைக் காசாக்கப் பார்க்கிறான். அது இன்னும் நிறையப் பேரால் பார்க்கப்பட்டிருக்க வேண்டிய படம்.

விக்ரமும் வேதாவும்

புஷ்கர் - காயத்ரியின் ‘விக்ரம் வேதா’ (2017) வந்தபோது மாதவனும் விஜய் சேதுபதியும் சேர்ந்தார்கள் என்பதே செய்தியாக இருந்தது. அந்தச் சேர்க்கையில் ஒளிந்திருந்த கணக்கு நுட்பமானது. மாதவனின் முகத்தில் படித்த, நடுத்தர வர்க்க நேர்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்கவுன்ட்டர் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற போலீஸ்காரன் விக்ரம் அவர். சேதுபதியோ தேடிவரும் போலீஸ் கூட்டத்துக்கு நடுவே தானே நடந்து வந்து சரணடையும் ரௌடி வேதா. யார் நல்லவன் என்று நம் கண் முதலில் முடிவு செய்கிறது. பிறகு வேதா கதை சொல்லத் தொடங்குகிறான்; ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி. விக்ரமாதித்தன் வேதாளம் கதையின் சாயல் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் சேதுபதி அதைச் சொல்லும் விதத்தில் எனக்குக் கட்டியங்காரன்தான் தெரிந்தான். ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான், பாதி விளையாட்டாக. பதில் சொல்லச் சொல்ல, ராஜாவின் அரிதாரம் உதிர்கிறது.

அந்த இருவருக்கும் நடுவே ஷ்ரத்தா ஸ்ரீநாத்தின் ப்ரியா நிற்கிறாள். போலீஸ்காரனின் மனைவி, ரௌடியின் வக்கீல். குற்றப் படங்களில் மனைவி என்றால் டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதியில் கடத்தப்படுவதற்காகவே எழுதப்படும் பாத்திரம் என்ற நிலைமை வெகுகாலம் இருந்தது. ப்ரியாவை எடுத்துவிட்டால் ‘விக்ரம் வேதா’ நகராது. சாப்பாட்டு மேஜையில்கூட அந்த வழக்கு நடக்கிறது.

‘மகாராஜா’ இந்த உறவுக் கணக்கை இன்னும் கொடூரமான இடத்துக்குக் கொண்டுபோனது. முடிதிருத்தும் மகாராஜா, திருட்டுத் தொழிலில் இருக்கும் செல்வம். அனுராக் காஷ்யப்பைச் செல்வமாகப் போட்டதில் எனக்குத் தொடக்கத்தில் உடன்பாடில்லை. வடக்கிலிருந்து வில்லனை இறக்கி, இரவல் குரலில் பேசவைக்கும் பழக்கத்தால் தமிழில் எத்தனையோ நல்ல நடிகர்கள் வாய்ப்பிழந்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் குழந்தைக்கு முன்னால் செல்வத்தின் முகம் கனிந்துபோகும் இடங்களில் அந்தத் தேர்வுக்கு நியாயம் இருக்கிறது. தான் புகுந்து சூறையாடிய வீட்டில், எதிரியின் மகளாக வளர்ந்திருப்பது தன் இரத்தம் என்று அவன் அறியும்போது, பழிவாங்கலுக்கு இனி வேலையே இல்லை. இரண்டு தகப்பன்கள், ஒரு மகள். பாரதத்தில் கர்ணன் யார் என்று தெரியவரும் இடத்தில் கூத்துப் பார்க்கும் கிழவிகள் அழுவார்களே, அந்த அழுகையைத் தியேட்டரில் கேட்டேன்.

வேஷம் ஒட்டிக்கொண்டவர்கள்

கூத்தை நான் கோயிலில் வைத்துக் கும்பிடவில்லை. ஜமாவுக்குள்ளும் சாதி உண்டு, போட்டி உண்டு. பெண் வேஷத்தைக் காலம் காலமாக ஆண்களே கட்டினார்கள். பெண்களுக்கு இடம் தரத் தயங்கினார்கள். திருவண்ணாமலை வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை வைத்து 2024இல் வந்த ‘ஜமா’ இதை ஒளிக்காமல் காட்டியது. பாரி இளவழகன் எழுதி இயக்கி, கல்யாணமாக நடித்தார். திரௌபதியும் குந்தியுமாகவே ஆடிவந்த கல்யாணத்துக்கு அர்ச்சுனன் வேஷம் கட்ட ஆசை. வாத்தியார் தாண்டவம் விடமாட்டேன் என்கிறார். பெண் வேஷம் கட்டிக் கட்டி நடையும் கையசைவும் மாறிப்போன அவனை ஊர் கேலி செய்கிறது. பெண் கொடுக்க யோசிக்கிறது. தாண்டவமாக வந்தவர் சேத்தன். அதற்கு முந்தைய ஆண்டு ‘விடுதலை’ முதல் பாகத்தில் ஈரமே இல்லாத போலீஸ் அதிகாரியாகப் பயமுறுத்தியவர். அந்தப் பயத்தை அவர் முகத்தில் நாம் சுமந்துகொண்டு வந்ததால், ‘ஜமா’வில் அவர் வேஷத்தைப் பங்கு போடும் ஒவ்வொரு முறையும் நமக்குத் திக்கென்றது. அது குற்றப் படம் இல்லை. ஆனால் ஒருவனுக்குரிய வேஷத்தை இன்னொருவன் பறித்துக்கொள்வதும் ஒருவகைக் களவுதான்.

திருவண்ணாமலைக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வருகின்றன. 217 அடி ராஜகோபுரத்தை எடுக்கிறார்கள், மலையை எடுக்கிறார்கள், கிரிவலப் பாதையில் சாமியார்களை எடுக்கிறார்கள். கூத்துக்காரர்களைக் கூப்பிட்டால் அது பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு, பின்னணியில் வண்ணமாக நிற்க. அரிதாரத்தைக் கலைத்துவிட்டு, லுங்கியோடு, ஒரு முழுப் பாத்திரத்துக்கு அவர்களில் ஒருவரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறவர்கள் மிகக் குறைவு.

அடுத்த குற்றப் படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை பிறந்தால் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும். டிக்கெட் கிடையாது. துகிலுரிதல் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். யார் கோபமாகக் கத்துகிறார் என்று பார்க்காதீர்கள். எதிரே இருப்பவர் பேசும்போது யார் கேட்கிறார் என்று பாருங்கள். காலையில் அவரிடம் போய்ப் பேசுங்கள். எடுத்தால், பெயர் போட்டு, மற்ற நடிகர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள்.